அளவுக்கு ஒரு ஆள்

எங்கள் அக்கா வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அடுத்தவர் வீட்டு மொட்டைமாடிதான். கள்ளக்குறிச்சியில் அவர் ஏறாத மாடி கிடையாது. படம் எடுக்க வேண்டிய கட்டடம் தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தால் அவர் அந்தப் பக்கத்து மாடியில் நிற்பார். கீழே நின்று காமிராவை அண்ணாந்து வைத்தால் கட்டடம் பின்னால் சாய்ந்த மாதிரி விழுமாம். "குடிச்சவன் நிக்கிற மாதிரி நிக்கும் பாப்பா" என்பார் என்னிடம். நேராக நிற்கிற ஒன்றைச் சாய்த்துக் காட்டுவது அவர் கணக்கில் பெரிய பாவம். சட்டைப்பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் கொத்தனார்கள் வைத்திருக்கும் ரசமட்டம் ஒன்றை வைத்திருப்பார். அதைக் காமிராவின் தலைமேல் படுக்க வைத்து, உள்ளே இருக்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை மூச்சுகூட விடமாட்டார்.

ஒருநாள் புது ஆஸ்பத்திரிக் கட்டடத்தை எடுப்பதற்காக எதிர்வீட்டு மாடியில் ஏறி, இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்று போய், அந்த வீட்டு அம்மா காயப்போட்டிருந்த ஜவ்வரிசி வடாத்தில் இரண்டு காலையும் வைத்துவிட்டார். அந்த அம்மா போட்ட சத்தத்தில் ஆஸ்பத்திரி வாசலில் நின்றவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். "இன்னாய்யா, பொடனில கண்ணு கீதா, பின்னாலயே வர?" என்று அந்த அம்மா கேட்க, மாமா காமிராவிலிருந்து தலையை எடுக்காமல், "ரெண்டே நிமிசம் இருங்கம்மா, நிழலு எறங்கிக்கினு இருக்குது" என்றார். சன்ஷேடின் நிழல் சுவரில் ஒரே நேர்கோடாக விழும் நேரம் அது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் அவரிடம் ஒரு நேரம் உண்டு. ஆஸ்பத்திரிக்கு ஒன்பதரை, பஸ் ஸ்டாண்டுக்கு மாலை நாலு, கல்யாண மண்டபத்துக்கு ஏழரை. நோயாளியைப் பார்க்கப் போகிறவர் மாதிரி நேரம் பார்த்துத்தான் போவார்.

அப்போதுதான் எங்கள் பக்கம் சிமெண்டுக் கட்டடங்கள் வரத் தொடங்கியிருந்தன. ஓட்டு வீடுகளுக்கு நடுவே தட்டையான கூரையோடு ஒரு சினிமாக் கொட்டகை, குடை விரித்த மாதிரி ஒரு தண்ணீர்த் தொட்டி, சின்னசேலம் ரோட்டில் ஜவ்வரிசி செய்கிற ஒரு சேகோ மில்லின் ஆபீஸ். எனக்கு அவை எல்லாம் சுண்ணாம்பு அடித்த பெட்டிகள். மாமாவுக்கு அப்படி இல்லை. பஸ் ஸ்டாண்டில் தூணே இல்லாமல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த கூரைக்கு அடியில் போய்க் கால்மணி நேரம் அண்ணாந்துகொண்டு நிற்பார். "யாரும் தாங்கல பாரு பாப்பா. தானா நிக்கிது" என்பார். பஸ்ஸுக்கு நிற்கிற ஜனம் இவரைப் பார்த்துவிட்டு, கூரை விழப்போகிறதோ என்று பயந்து நகர்ந்து நிற்கும்.

அதற்கு முன்னால் கொஞ்ச காலம் அவர் ஸ்டூடியோ வைத்திருந்தார். அது ஓடவில்லை. ஓடாததற்குக் காரணம் அவருக்கு முகம் எடுக்க வராது. கட்டடத்தின் முன்னால் அத்தனை நிதானமாக இருக்கிற மனிதர், ஒரு ஆள் எதிரில் உட்கார்ந்து அவரைப் பார்த்தால் வேர்த்துப்போவார். அவர் பயம் உட்கார்ந்திருப்பவரையும் தொற்றிக்கொள்ளும். படத்தில் எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்தவர்கள் மாதிரியே இருப்பார்கள். ஒரு கல்யாண வீட்டுக்காரர் ஆல்பத்தைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "இன்னாப்பா இது, எங்க மாப்பிள்ளைய ரேஷன் கடையில மூட்டைய நிறுத்தன மாதிரி நிறுத்தி வெச்சிக்கீற" என்றாராம். அன்றைக்குக் கதவைச் சாத்தியவர் மறுபடி முகத்தின் பக்கம் போகவே இல்லை. கண்டிராக்டர்களும் இன்ஜினியர்களும் தாங்கள் கட்டியதைப் பெரிய இடத்தில் காட்டுவதற்குப் படம் கேட்டார்கள். கட்டடங்கள் அவரை முறைத்துப் பார்க்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

ஆனால் கட்டடப் படத்திலும் ஒரு ஆள் வேண்டும். அதுதான் இந்தக் கதையே. ஆள் இல்லாமல் எடுத்தால் கட்டடத்தின் உயரம் தெரியாது. "ஒரு ஆளு நிக்கலன்னா அது கட்டடமா, தீப்பெட்டியான்னு எவனுக்குத் தெரியும்?" என்பார். அளவுக்கு ஒரு ஆள். அந்த ஆள் காமிராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டடத்தைப் பார்த்து நிற்க வேண்டும். முகம் தெரிந்தால் பார்க்கிறவர்கள் கண் முகத்துக்குத்தான் போகும், கட்டடத்துக்குப் போகாது. முதன்முதலில் பஸ் ஸ்டாண்டு எடுக்கும்போது ஒரு போர்ட்டரை நிற்கவைத்தார். அந்த ஆள் தலையை வாரிக்கொண்டு, துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போய் நின்றான். மாமா "ரெடி" என்றதும் படக்கென்று திரும்பிச் சிரித்தான். நாலு தடவை எடுத்தும் நாலு தடவையும் திரும்பினான். "போட்டா புடிக்கிறேன்னு சொல்லிட்டு மூஞ்சியக் காட்டாதன்னா எப்பிடிங்க?" என்று அவன் கேட்டது நியாயம்தானே. யாரை நிறுத்தினாலும் இதே கதி. டீக்கடைக்காரர், வாட்ச்மேன், இன்ஜினியரின் டிரைவர், எல்லோரும் கடைசி நொடியில் திரும்பினார்கள்.

திரும்பாத ஒரே ஆள் எங்கள் அக்கா.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் அவளைக் கூட்டிப்போய்ச் சினிமாக் கொட்டகை முன்னால் நிறுத்தினார். "அப்படியே செவுத்தப் பாத்துக்கினு நில்லு" என்றார். நின்றாள். அவர் "எடுத்தாச்சு" என்று சொன்ன பிறகும் நின்றாள். போய்த் தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாளாம். இதைச் சொல்லும்போது மாமாவின் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நானும் அப்போது சிரித்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம், அவர் எடுத்த ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அக்கா நின்றாள். பிள்ளை இல்லாத வீடு, கதவைப் பூட்டிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பிவிடுவார்கள். டைப்ரைட்டிங் வகுப்பு இல்லாத நாட்களில் நானும் போவேன். கட்டடத்தின் ஓரமாக, படத்தில் விழாத இடத்தில் நின்று ஆடு, மாடு, சைக்கிள், வேடிக்கை பார்க்கிற ஜனம் எதுவும் உள்ளே நுழையாமல் விரட்டுவது என் வேலை. விரட்டுவதில் எனக்கு இயற்கையாகவே திறமை உண்டு என்று மாமா சொல்வார்.

அக்காவின் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். மாமாவுக்கு அடிக்கணக்கு மறந்துபோய், எல்லாவற்றையும் அக்காவிலேயே அளக்கப் பழகிவிட்டார். தண்ணீர்த் தொட்டி பதினாலு அக்கா உயரம். கல்யாண மண்டபத்து வாசல் இரண்டு அக்காவும் ஒரு தலையும். "இன்ஜினியருங்க பிளானப் பாக்க வேணாம், உங்கக்காவ வெச்சி எண்ணிக்கலாம்" என்பார் பெருமையாக. அக்காவும் பெருமையாகத்தான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

நிற்பதற்கென்று ஒரு புடவை எடுத்துக் கொடுத்திருந்தார். அரக்கு நிறம், கரை கிடையாது, பூ கிடையாது, புள்ளி கிடையாது. கரை இருந்தால் கண் அங்கே போகுமாம். தலையில் பூ வைத்தால் வெள்ளையாக ஒரு பொட்டு மாதிரித் தெரியுமாம், அதுவும் கூடாது. எங்கள் ஊரான எலவனாசூர்கோட்டையிலிருந்து அம்மா ஒருநாள் வந்திருந்தபோது, அக்கா கிளம்புவதற்காகத் தலையிலிருந்த பூவை எடுத்து மாடத்தில் வைப்பதைப் பார்த்துவிட்டாள். "புருசங்காரன் கல்லாட்டம் எதுர்ல கீறான், இது இன்னாடி பூவ எடுத்து வெக்கிற?" என்று வயிற்றில் அடித்துக்கொண்டாள். மாமா காமிராத் துணியை மடித்துக்கொண்டிருந்தார். அக்காதான், "வந்த ஒடனே வெச்சிக்கப் போறேம்மா, அது எங்க ஓடிப்பூடுது" என்றாள்.

ஊரில் ஒரு சிமெண்டுக் கடைக்காரர் வருஷா வருஷம் மாமா எடுத்த படத்தைப் போட்டுக் காலண்டர் அடிப்பார். தையற்கடையில், சலூனில், டீக்கடையில், வக்கீல் ஆபீஸில், எங்கே போனாலும் அக்காவின் முதுகு தொங்கும். எங்கள் அம்மா எலவனாசூர்கோட்டை பஸ் நிறுத்தத்துக் கடையில் அந்தக் காலண்டரைக் காட்டி, "அது எம் பொண்ணு" என்று சொல்லியிருக்கிறாள். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "மூஞ்சே தெரியலியே ஆத்தா, எப்பிடி நம்பறது?" என்று சிரித்தாராம். அம்மா வீட்டுக்கு வந்து அழுதாள். நான் அந்த வாரமே மாமாவிடம் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "ஊரு பூரா அவ முதுகு தொங்குது. எங்க வூட்ல மாட்ட ஒரு மூஞ்சி இல்ல. உங்களுக்கே நல்லாக்கீதா?"

"எடுக்கணும் பாப்பா" என்றார். "எடுக்காமலா?"

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கல்யாணப் படம். அதில் புதுப்பெண் கூச்சத்தில் அக்கா தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். நெற்றிச்சுட்டியும் மாலையும் தெரியும், வேறு எதுவும் தெரியாது. அக்காவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஒவ்வொரு தடவையும் காமிராவை மூட்டை கட்டும்போது, "ரோல்ல ஒண்ணு மிச்சம் கீதாங்க?" என்று கேட்பாள். ஒரு சுருளில் பன்னிரண்டு படம். பதினொன்று முடிந்திருக்கும். மாமா ஒரு நொடி யோசிப்பார். பிறகு கைப்பிடிச் சுவரோ, மாடிப்படியின் வளைவோ அவர் கண்ணில் பட்டுவிடும். பன்னிரண்டாவது அதற்குப் போய்விடும். "அடுத்த ரோல்ல மொத படம் உனுக்குத்தான்" என்பார். அடுத்த சுருளில் முதல் படம் நிழல் நேரத்துக்குப் போகும்.

"வா, நாம போயி சந்தைத் தெரு ஸ்டூடியோவுல எடுத்துக்கலாம். நான் கூட்டிக்கினு போறேன்" என்று நான் கூப்பிட்டேன். அக்கா பதறிவிட்டாள். "போட்டாக்காரன் பொண்டாட்டி இன்னொருத்தன் கடையில போயி ஒக்காந்தா அவுருக்கு இன்னாடி மரியாத? ஊரு சிரிக்காது?" இதற்கு மேல் என்ன பேசுவது? அவளுக்கு ஏதோ ஒரு படம் போதாது, அவர் எடுக்கிற படம்தான் வேண்டும். அது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

கல்வராயன் மலைமேல் மலைவாழ் பிள்ளைகளுக்காக ஒரு விடுதிப் பள்ளிக்கூடம் கட்டினார்கள். மெட்ராஸிலிருந்து வந்த ஒருவர் வரைந்த கட்டடம். கூரையை ஒரு காகிதத்தை மடித்து மடித்துப் பிரித்த மாதிரி சிமெண்டில் வார்த்திருந்தார்கள். அதை எடுக்க மாமாவைக் கூப்பிட்டபோது அவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அவ்வளவு சந்தோஷம். கச்சிராயபாளையத்திலிருந்து மலை பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். வளைவுகளில் அக்கா இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். மேலே போய் இறங்கினால் கட்டடத்தைக் காணோம். மேகம் இறங்கி, சாமைக் காடு, பலா மரம், பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் மூடியிருந்தது.

"எறங்கிடுச்சின்னா ரெண்டு நாளு போவாதுங்க" என்றார் வாட்ச்மேன்.

இரண்டு நாளும் அங்கேயே ஒரு அறையில் தங்கினோம். மாமா உள்பக்கத்தை, வராந்தாவை, படிகளை எடுத்துக்கொண்டிருந்தார். கொண்டுபோன இரண்டு சுருளில் ஒன்று பையில் ஈரம் கோத்துக் கெட்டுப்போயிற்று. மூன்றாம் நாள் காலையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படம். முகப்புத் தெரியவே இல்லை. பதினோரு மணிக்குக் கீழே போகிற பஸ். மாமா படியில் உட்கார்ந்து மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னாங்க."

"ம்."

"அதான் தெரியலியே. அந்த ஒண்ண எனுக்கு எடுங்களேன்."

நான் தூணுக்கு இந்தாண்ட நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மாமா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, வா" என்று எழுந்தார்.

அக்கா ஓடிப்போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வாட்ச்மேன் பெண்சாதி கொல்லையிலிருந்த டிசம்பர் பூவைப் பறித்து வாழைநாரில் தொடுத்துக் கொடுத்தாள். அரக்குப் புடவைதான், வேறு எடுத்து வரவில்லை. பூவை வைத்துக்கொண்டு அவள் வந்து நின்றபோது எனக்கே யாரோ மாதிரி இருந்தது. மாமா காமிராவை அவளுக்கு எதிரில், ஆறடி தூரத்தில் வைத்தார். அத்தனை கிட்டத்தில் அவர் காமிராவை வைத்து நான் பார்த்ததே இல்லை. ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் வந்து நின்றது. குனிந்து மேல் கண்ணாடியில் பார்த்தார். "தலைய இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றார். தூக்கினாள். அப்புறம் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நெற்றியில் வேர்வை. அந்தக் குளிரில். "அமுக்குங்க மாமா" என்று நான் சொல்ல வாயெடுத்தேன், அவர் கவனம் கலைந்துவிடும் என்று அடக்கிக்கொண்டேன். சொல்லியிருக்க வேண்டும்.

அக்காவின் கன்னத்தில் வெயில் விழுந்தது.

மாமா தலையைத் தூக்கினார். அக்காவுக்குப் பின்னால் மேகம் பிரிந்து, அந்த மடிப்புக் கூரை முழுக்க ஈரத்தோடு மின்னிக்கொண்டு வெளியே வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். "ஐயோ" என்றார். கட்டடத்தைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், மறுபடி கட்டடத்தைப் பார்த்தார்.

"இந்தா... அங்க போயி... கொஞ்சம் திரும்பிக்கிறியா?"

சொல்லிவிட்டு ஸ்டாண்டோடு காமிராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினார். "மாமா!" என்று நான் கத்தினேன். "ஒரே நிமிசம் பாப்பா, வெளிச்சம் பூடும், பூடும்" என்று ஓடிக்கொண்டே சொன்னார். அக்கா தலையிலிருந்த பூவைத் தானாகவே எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். எங்கே நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லாமலே போய் நின்றாள். நான் வழக்கம்போல ஓரத்துக்குப் போனேன். படக் என்று ஒரு சத்தம். சுருள் முடிந்துவிட்டது.

இறங்கும்போது கச்சிராயபாளையம் வரை நான் அவரோடு பேசவில்லை. அவர் முன் சீட்டில் காமிராப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா என் காதில், "உடுடி" என்றாள். "அவ்ளோ நேரம் என்னியே பாத்தாரு இல்ல? கல்யாணம் ஆயி அவ்ளோ நேரம் பாத்ததே இல்ல."

அந்தப் படத்தை மெட்ராஸ்காரர் பெரிதாகப் போடச் சொல்லித் தன் ஆபீஸில் மாட்டினாராம். மாமா துள்ளிக்கொண்டு வந்து சொன்னார். "அந்தப் பொம்பள நிக்கிற எடத்துலதான் கட்டடமே உயிரா நிக்குதுன்னாரு. உன்னப் பத்தித்தான் பேசிக்கினு இருந்தாரு." அக்கா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "என் மூஞ்சியப் பத்தி எதனா சொன்னாரா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன்.

அடுத்த வருஷம் மாசி மாதம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. முதலில் கீழாநெல்லி கொடுத்தார்கள். கண்ணில் மஞ்சள் ஏறியபிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினோரு நாள். முப்பத்துமூன்று வயது. அவள் கடைசியாகக் கிடந்தது மாமா ஒன்பதரை மணிக்கு எடுத்த அதே கட்டடத்தில். மாமா அந்தப் பதினோரு நாளும் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். கட்டடத்தை ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை.

காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று உறவுக்காரர்கள் கேட்டார்கள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பன்னிரண்டு வருஷத்து நெகடிவ்களை எல்லாம் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நூற்றுக்கணக்கில் இருந்தன. அத்தனையிலும் அக்கா இருந்தாள். ஒன்றிலாவது தவறிப்போய்த் திரும்பியிருக்க மாட்டாளா, ஈ உட்கார்ந்து தலையை அசைத்திருக்க மாட்டாளா என்று இரண்டு நாள் தேடினார். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. வாக்காளர் அட்டைக்கு எல்லோரையும் படம் எடுக்கிற காலமும் அப்போது வந்திருக்கவில்லை.

சினிமா பேனர் வரைகிற ஒருவரைக் கூட்டி வந்தார்கள். முகத்தை வாயால் சொன்னால் பென்சிலில் போட்டுவிடுவார் என்றார்கள். அவர் தாளை முட்டிமேல் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்து, "சொல்லுங்க, புருவம் எப்பிடி? அடர்த்தியா, கம்மியா?" என்று கேட்டார். மாமா வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். "மூக்கு?" மாமா தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஐஞ்சடி ஒரு அங்குலம்" என்றார் கடைசியில். பேனர்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சியா? ஜாடை இருக்குமே. நீங்க ஒக்காருங்க, உங்களப் பாத்துப் போட்டு ரெண்டு மாத்தம் பண்ணிக்கலாம்."

உட்கார்ந்தேன். அம்மா என் நெற்றியில் அக்கா மாதிரியே பெரிய பொட்டாக வைத்துவிட்டாள். மாமா எதிரில் வந்து தரையில் குந்தினார். அவர் வாழ்நாளில் ஒரு முகத்தை அத்தனை நேரம் நேருக்கு நேர் பார்த்தது மலையில் ஒரு தடவை, அன்றைக்கு ஒரு தடவை. பார்த்தார், பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"இது இல்ல பாப்பா. எது இல்லன்னு தெரியுது. எதுன்னு சொல்ல வரல."

பேனர்காரர் பென்சிலை வைத்துவிட்டார். மாமா என் கிட்டே நகர்ந்து வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார். "அன்னிக்கி மலையில பாத்துக்கினே இருந்தேனே, எனுக்கு பயம். எனுக்கு மூஞ்சி வராது, உனுக்குத் தெரியும். அவள எடுத்துக் கெடுத்துட்டா, காலத்துக்கும் அதானே நிக்கும்? ஒரு தபா நல்லாக் கத்துக்கினு எடுக்கலாம்னுதான்..." என் நெற்றிப் பொட்டையே பார்த்துக்கொண்டு, "நீ கூடப் பொறந்தவ. சொல்லு. அவ சிரிச்சா எப்பிடி இருக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். கண்ணை மூடாமலே தெரியும். ஆனால் என் வயிற்றில் அத்தனை வருஷமும் சேர்த்துவைத்திருந்த கோபம் அந்த நேரத்துக்குத்தான் காத்துக்கொண்டிருந்தது போல. "பன்னண்டு வருசம் பொட்டி வழியா பாத்தீங்களே, உங்களுக்குத் தெரியாததா எனுக்குத் தெரியப்போவுது?" என்றேன். பொட்டை அழித்துக்கொண்டு எழுந்துபோய்விட்டேன்.

காரியத்தில் படம் வைக்கவில்லை. ஒரு விளக்கை மட்டும் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு மாமா கொஞ்ச நாள் ஆள் இல்லாமல் கட்டடங்களை எடுத்தார். "எம்மாம் பெருசுன்னே தெரியலியேங்க" என்று கண்டிராக்டர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். வேறு ஒரு ஆளை நிறுத்தச் சொன்னதற்கு முடியாது என்றுவிட்டார். காமிராவை யாருக்கோ கொடுத்துவிட்டுத் திருக்கோவிலூரில் தன் தம்பி வீட்டோடு போய் இருந்தார். நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம். "சாப்ட்டியா பாப்பா?" என்பார். அக்காவின் சிரிப்பைப் பற்றிய அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. நானும் இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். ஆறு வருஷம் கழித்து ஒரு ஐப்பசி மழையில் அவர் போய்விட்டார் என்று ஆள் வந்து சொன்னபோது, பஸ்ஸில் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு போனேன். அழுததைவிட என்னை நானே திட்டிக்கொண்டதுதான் அதிகம்.

மாமா, இப்ப சொல்றேன். அக்கா சிரிச்சா மேலுதடு எடது பக்கம் மொதல்ல தூக்கும். அப்புறம்தான் அந்தாண்டப் பக்கம் வரும். அந்தப் பக்கம் கன்னத்துல சின்னதா ஒரு குழி உழும், அது குழியா நிழலான்னு சட்டுனு தெரியாது. கண்ணு ரெண்டும் இடுங்கிப்பூடும். முன்பல்லு ஒண்ணு லேசா ஏறிக்கினு இருக்கும், அத மறைக்க உதட்ட இழுத்துக்குவா, முடியாது, அதுக்கும் சேத்து சிரிச்சிடுவா. நீங்க "ரெடி"ன்னு கொரல் குடுப்பீங்க இல்ல, அப்பத்தான் அப்பிடி சிரிப்பா. நான் கூட வந்த ஒவ்வொரு தபாவும் ஓரத்துல நின்னுக்கினு பாத்திருக்கேன். கல்யாண மண்டபத்துல, தண்ணித் தொட்டியில, மலையில, எல்லா எடத்துலயும். புருசன் போட்டா புடிக்கிறாருன்னு, செவுத்தப் பாத்துக்கினு, நீங்க "எடுத்தாச்சு"ன்னு சொல்ற வரைக்கும் சிரிச்சிக்கினேதான் நிப்பா.